தலைக்காசும் தொழிலறிவும்

நம் முன்னோர் மலாயாத் தோட்டங்களிலே பால் வெட்டிய காலத்தில் 'தலைக்காசு' என்றொரு வரும்படி இருந்தது. ஒரு கங்காணியின்கீழ் அன்றைய தினம் எத்தனை ஆட்கள் வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனை பேருக்கும் தலைக்கு இவ்வளவு காசு என்று கணக்கிட்டு அவருக்குக் கொடுக்கப்பட்டு வந்தது. மரம் வெட்டுகிறவனுக்குக் கூலி; வெட்டுகிறவர்களை எண்ணுகிறவனுக்குத் தலைக்காசு. உள்மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவுவது எளிய வித்தையன்று. ஆயினும் அவ்வித்தை ஒருவனுக்கு எவ்வளவு கைவந்திருந்தாலும் அதற்கென்று தலைக்காசு கிடையாது. எத்தனை தலைகள் ஒருவனுக்கு அடங்கியிருக்கின்றன என்பதே அவ்வரும்படிக்கு அளவுகோல்.

1938-ம் ஆண்டில் இந்திய சர்க்கார் மலாயாவுக்குத் தொழிலாளரை அனுப்புவதைத் தடுத்தபோது கங்காணி ஆள் கட்டும் வழக்கம் முடிவுக்கு வந்தது. ஆனால் தலைக்காசு என்னும் தத்துவம் ஒழிந்துவிட்டதா? உலகத்துப் பெருங்கம்பெனிகளில் நிர்வாகிக்கு என்ன சம்பளம், இஞ்சினீயருக்கு என்ன சம்பளம் என்று ஒப்பிட்டுப் பார்க்கிறவர்களுக்கு அத்தத்துவம் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்துகொண்டு நாற்காலியில் வீற்றிருப்பது தெரியவரும். பொருளை இயற்றுகிற அறிவுக்கு ஒரு விலை. இயற்றுகிறவர்களை ஏவுகிற பதவிக்கு அதனினும் பெரிய விலை. இவ்வேற்றுமை இயற்கையின் நியதியா, அல்லது மனிதர் செய்துகொண்ட ஏற்பாடா? இக்கேள்விக்குச் சரித்திரம் கூறும் விடையை ஆராய்வதே நம் நோக்கம்.

இருவரும் ஒருவராயிருந்த காலம்

இன்று நாம் அறியும் விதமான பெருங்கம்பெனி மிகப் பழமையானதன்று. நூற்றுக்கணக்கான மைல் தூரத்துக்கு இருப்புப்பாதை போடப்பட்ட பிறகே, ஓர் எஜமானன் தன் கண்ணால் பார்த்து நடத்த முடியாத தொழில்கள் பெருகலாயின. அமெரிக்காவில் ஈரி ரெயில்வேயின் பாதை ஏறத்தாழ 500 மைல் நீளமுடையது. 1854-ல் டேனியல் மெக்கல்லம் என்பவர் அதன் பொது சூப்பரிண்டெண்டாக நியமிக்கப்பட்டார். ஸ்காட்லாந்தில் பிறந்த அவர், பாலம் கட்டுவதில் பெயர் பெற்ற இஞ்சினீயர். 50 மைல் பாதையை ஒருவர் நேரில் கவனித்து நடத்திவிடலாம். 500 மைல் பாதைக்கு அம்முறை செல்லாது என்று அவர் தம் அறிக்கையில் தெளிவாக விளக்கினார். யார் யாருக்குக் கீழ்ப்பட்டவர், எவர் எவருக்குத் தகவல் அனுப்பவேண்டும் என்பதைக் காட்டும் படமொன்றை 1855-ல் வரைவித்தார். கம்பெனி அமைப்பைக் காட்டும் படங்களில் அதுவே முதலாவது என்று பலராலும் கருதப்படுகிறது.

அப்படத்தில் ஒரு விசேஷமுண்டு. இக்காலத்துப் படங்களைப்போல் தலைவர் அதன் உச்சியில் இல்லை. அது ஒரு மரத்தின் வடிவில் அமைந்தது. தலைவரும் டைரக்டர்களும் வேராகக் கீழே இருக்கிறார்கள். பாதைப் பிரிவுகளும், நிலையங்களும், தொழிலாளரும் கிளைகளாகவும் இலைகளாகவும் மேலே விரிந்திருக்கிறார்கள்.

மெக்கல்லம் ஒருவர் மட்டுமல்லர். 1852 முதல் பென்ஸில்வேனியா ரெயில்வேயின் தலைவராயிருந்த எட்கார் தாம்ஸனும் பாதை அளந்து போட்ட இஞ்சினீயரே. சம்பளம் வாங்கிக்கொண்டு பெரிய தொழிலை நடத்திக் காட்டிய முதல் தலைமுறை நிர்வாகிகளில் முன்னின்றவர்கள் இத்தகையவர்களே. ஆகவே நிர்வாகம் என்பது வானத்திலிருந்து இறங்கிய தனி வித்தையன்று. தம் வேலை பெரிதாகிவிட்டபோது அதைச் சமாளிக்க இஞ்சினீயர்கள் செய்துகொண்ட ஒரு கருவியே அது. பின்வந்தவர்கள் அக்கருவியைத் தனிப் பதவியாக்கினர். பதவியைத் தனி வகுப்பாக்கினர். மெக்கல்லத்தின் மரத்தையும் தலைகீழாகப் புரட்டி வைத்தனர்.

பட்டறையை விட்டவனுக்கே பெரும்பொருள்

இவ்வாறு புரட்டப்பட்டதன் விளைவை எஃகுத் தொழிலின் சரித்திரத்தில் காணலாம். 1879-ல் பிட்ஸ்பர்க் நகரத்தை அடுத்த கார்னீகி எஃகுச்சாலையில் சார்ல்ஸ் ஷ்வாப் என்ற இளைஞர், நிலம் அளப்போருக்கு முளையடிக்கும் வேலைக்கு நாளொன்றுக்கு ஒரு டாலர் கூலியில் சேர்ந்தார். தொழிலைக் கற்று மேலேறி 1897-ல் கார்னீகி எஃகுக் கம்பெனியின் தலைவரானார். 1901-ல் யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் என்னும் மாபெருங் கம்பெனிக்கு முதல் தலைவரானார். பின்னர் பெத்லஹேம் எஃகுக் கம்பெனியைக் கைக்கொண்டார். அங்கே அவருக்கு வலக்கையாக விளங்கியவர் யூஜீன் கிரேஸ். 1899-ல் மின்சார இஞ்சினீயரிங் பட்டம் பெற்று, பளுத்தூக்கியை இயக்கும் வேலையில் புகுந்து, 1916-ல் கம்பெனித் தலைவராக உயர்ந்தவர் அவர்.

இருவரும் உழைத்து உயர்ந்தவர்கள், அதில் ஐயமில்லை. ஆனால் அவர்களுக்குப் பெரும்பொருள் வந்தது எப்பொழுது? 1929-ம் ஆண்டில் கிரேஸுக்குக் கம்பெனி கொடுத்த சம்பளம் 12,000 டாலர். அதே ஆண்டில் அவருக்குக் கிடைத்த போனஸ் தொகையோ 16,23,753 டாலர்! சம்பளத்தைப்போல் 135 மடங்கு. இவ்விவரம் 1930-ல் வேறொரு விஷயமாக நீதிமன்றத்தில் நடந்த வழக்கின்போதுதான் வெளிப்பட்டது. கம்பெனியின் சொந்தப் பங்குதாரர்களே அதுவரை அதை அறியாதிருந்தனர். அத்தொகை ஒரு மின்சார இஞ்சினீயரின் திறமைக்கு இடப்பட்ட விலையன்று. அவர் அமர்ந்திருந்த ஆசனத்துக்கு இடப்பட்ட விலை. அத்திறமையோடு பட்டறையிலேயே தங்கியிருந்தால் அவருக்கு அதில் நூற்றிலொரு பங்கும் கிடைத்திருக்காது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

தனி மனிதரின் பேராசையென்று இதைத் தள்ளிவிடுவதற்கில்லை. நாளடைவில் இதற்குச் சாஸ்திரமும் ஏற்பட்டது. 1943-ல் பிலடெல்பியா நகரில் எட்வர்ட் ஹே என்பவர் கம்பெனிகளுக்கு ஆலோசனை கூறும் ஸ்தாபனம் ஒன்றைத் தொடங்கினார். அவர் பெயரால் வழங்கும் முறை உலகெங்கும் பரவியது. ஒவ்வொரு பதவியையும் அது புள்ளியிட்டு நிறுக்கிறது. தெரிந்திருக்கவேண்டிய அறிவு, சிக்கலைத் தீர்க்கும் ஆற்றல், பொறுப்பு என்னும் மூன்றும் அத்தராசின் படிக்கற்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் பொறுப்பு என்பதை நிறுக்கும்போது, அப்பதவியின் ஆளுகைக்குள் எவ்வளவு பணம் புழங்குகிறது என்பதும் எடையில் ஏறுகிறது. அறிவு என்பதை நிறுக்கும்போது, பலருடைய வேலைகளை இணைத்து நடத்தும் அறிவும் அதிலே சேர்கிறது. தனியே ஓர் அறையிலிருந்து ஒரு புதுமையை ஆக்குகிறவன் கையில் பணப் புழக்கமுமில்லை, அவன்கீழ் ஆட்களுமில்லை. தராசில் அவன் தட்டு மேலே எழும்பிவிடுகிறது. இதைத்தான் நாம் தலைக்காசு என்கிறோம்.

ஒரு டாலரும் ஓர் உலகமும்

இப்படிப்பட்ட தராசில் அறிவின் நிலை என்னவாயிற்று? அமெரிக்க டெலிபோன் கம்பெனியின் பெல் ஆராய்ச்சிச்சாலையில் 1947 டிசம்பரில் பார்டீன், பிராட்டன் என்னும் இருவர் ட்ரான்ஸிஸ்டர் என்ற நுண்கருவியைச் செய்து காட்டினர். அவர்கள் குழுவின் தலைவரான ஷாக்லி அதை மேலும் வளர்த்தார். மூவரும் 1956-ல் நோபல் பரிசு பெற்றனர். ரேடியோப் பெட்டி முதல் இன்று நம் சட்டைப்பையில் கிடக்கும் டெலிபோன் வரை அனைத்துக்கும் அக்கருவியே கருவாகும். ஆனால் அச்சாலையின் வழக்கம் என்ன? கண்டுபிடிப்பவர் தம் பேட்டண்டு உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிடவேண்டும். அதற்கு ஈடாக அவர் பெறுவது ஒரே ஒரு டாலர். சட்டத்தின் சடங்குக்காகக் கொடுக்கப்படும் டாலர் அது.

"அவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லையா? கருவிகளும் சாலையும் கம்பெனி கொடுத்தவை அல்லவா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்; இதற்குப் பின்னர் வருவோம். இப்போது நாம் கவனிக்கவேண்டியது வேறு. ஏவுகிறவனுக்கு இலாபத்தில் பங்குண்டு என்று கருதிய அதே கம்பெனி உலகம், இயற்றுகிறவனுக்குச் சம்பளமே போதும் என்று கருதியது. "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. உழக்கு ஏன் மிஞ்சவில்லை என்று கணக்குக் கேட்கத் தொடங்கியவர்களுக்கு மூன்று வாசல்கள் திறந்தன. அவற்றை வரிசையாகக் காண்போம்.

முதல் வாசல்: வெளியேறுதல்

ஷாக்லி 1956-ல் கலிபோர்னியா மாகாணத்தில் சொந்தமாக ஓர் ஆராய்ச்சிச்சாலையைத் தொடங்கினார். அவர் நடத்திய முறையைப் பொறுக்கமாட்டாமல் 1957-ல் எட்டு இளம் விஞ்ஞானிகளும் இஞ்சினீயர்களும் ஒருங்கே வெளியேறினர். ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் ஆகியோர் அவர்களில் இருவர். ஆளுக்கு 500 டாலர் போட்டு, பேர்சைல்ட் என்பாரின் கம்பெனி கொடுத்த முதலோடு, பேர்சைல்ட் ஸெமிகண்டக்டர் கம்பெனியை அமைத்தனர். இரண்டே ஆண்டுகளில், 1959-ல், முதல் கொடுத்த கம்பெனி தன் ஒப்பந்த உரிமைப்படி 30 இலட்சம் டாலருக்கு அதை முழுவதும் வாங்கிக்கொண்டது. எண்மருக்கும் தலைக்கு ஏறத்தாழ இரண்டரை இலட்சம் டாலர் மதிப்புள்ள பங்குகள் கிடைத்தன. தாம் ஆக்கிய பொருளின் பயனை ஆக்கியவர்களே கண்ட நாள் அது.

ஆயினும் பழைய கதை அங்கேயும் திரும்பியது. இலாபம் மேற்குக் கரையில் பிறந்தது. அதைப் பங்கிடும் அதிகாரமோ கீழ்க்கரையில் நியூயார்க் மாகாணத்திலிருந்த தலைமை அலுவலகத்திடம் இருந்தது. பின்வந்த இஞ்சினீயர்களுக்குக் கம்பெனியின் பங்குகளில் உரிமை தாராளமாக வழங்கப்படவில்லை. தேர்ந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக விலகினர். 1968-ல் நாய்ஸும் மூருமே விலகி இண்டல் என்ற கம்பெனியைத் தொடங்கினர். அக்கம்பெனியில் இஞ்சினீயர்களுக்கும் பங்குரிமை உண்டென்பது முதலிலேயே வழக்கமாயிற்று.

இவ்வாசல் அவர்களுக்கு எப்படித் திறந்தது? அவர்கள் துணிவு ஒரு காரணம். சட்டம் மற்றொரு காரணம். ஒரு கம்பெனியை விட்டு விலகியவன் அதற்குப் போட்டியான வேலையில் சேரலாகாது என்று எழுதி வாங்கும் ஒப்பந்தம் பல நாடுகளில் செல்லும். கலிபோர்னியாவிலோ 1872-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அது பொதுவாகச் செல்லாது. ஆகவே அவர்கள் காலையில் ஒரு கம்பெனியில் இராஜிநாமாக் கொடுத்து, மாலையில் எதிர்த் தெருக் கம்பெனியில் அமர முடிந்தது. கதவு பூட்டப்படாத வீட்டில்தான் எஜமானனுக்கு மரியாதை தெரியும்.

இரட்டை ஏணி

ஆட்கள் வெளியேறுவதைக் கண்டபோது பெருங்கம்பெனிகள் ஓர் உபாயத்தைக் கைக்கொண்டன. அதற்கு இரட்டை ஏணி என்று பெயர். ஒன்று நிர்வாக ஏணி. மற்றொன்று தொழிலறிவு ஏணி. நிர்வாகியாக மாறாமலே, தன் தொழிலில் நின்றபடியே, ஒருவன் படிப்படியாக ஏறி நிர்வாகிக்குச் சமமான சம்பளமும் மரியாதையும் பெறலாம் என்பது அதன் கருத்து. ஐ.பி.எம். கம்பெனியின் தலைவர் தாமஸ் வாட்ஸன் இளையவர் 1960-களின் தொடக்கத்தில் 'பெல்லோ' என்ற பதவியை ஏற்படுத்தினார். அப்பதவி பெற்ற அறிஞர் தாம் விரும்பிய ஆராய்ச்சியைச் சில ஆண்டுகள் சுதந்திரமாகச் செய்யலாம். இன்று அமெரிக்காவின் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஒரே படியிலிருக்கும் நிர்வாகிக்கும் இஞ்சினீயருக்கும் சம்பளம் ஏறக்குறையச் சமமாயிருக்கிறது.

இதை நாம் வரவேற்கிறோம். எனினும் இவ்வேணியில் ஒரு குறையுண்டு. நிர்வாக ஏணியின் மேற்படிகளில் பலர் நிற்க இடமிருக்கிறது. தொழிலறிவு ஏணியின் மேற்படிகளிலோ விரல்விட்டு எண்ணத்தக்கவரே நிற்க முடியும். அன்றியும், தொழிலறிவு ஏணியில் எவன் ஏறலாம் என்று முடிவு செய்கிறவர் யார்? நிர்வாக ஏணியில் நிற்பவரே! நிர்வாக ஏணியில் எவன் ஏறலாம் என்பதை இஞ்சினீயர்களைக் கேட்டு முடிவு செய்யும் கம்பெனியைக் காண்பது அரிது. இரு ஏணிகளும் சமமானவை என்றால் அவற்றைப் பிடித்திருக்கும் கை ஏன் ஒரே பக்கத்தில் இருக்கவேண்டும்?

இரண்டாம் வாசல்: வழக்கு

அமெரிக்காவில் ஆட்கள் கம்பெனி மாறுவது சாதாரணம். ஒரு கம்பெனியில் சேர்ந்தவர் அங்கேயே முதுமை எய்துவது நெடுங்காலம் மரபாக இருந்த ஜப்பானில் வெளியேறும் வாசல் குறுகியது. அங்கே திறந்தது நீதிமன்ற வாசல்.

2002-ல் இரசாயன நோபல் பரிசு ஷிமாட்ஸு கம்பெனியின் கோயிச்சி தனாக்காவுக்கும் கிடைத்ததென்று செய்தி வந்தபோது ஜப்பான் தேசமே வியந்தது. ஏனெனில் அவர் பேராசிரியருமல்லர், டாக்டர் பட்டம் பெற்றவருமல்லர். கம்பெனியில் கீழ்ப்படியொன்றிலிருந்த 43 வயது இஞ்சினீயர். ஆராய்ச்சியை விட்டுப் பிரிய மனமின்றிப் பதவி உயர்வுத் தேர்வுகளை அவர் தவிர்த்துவந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. பரிசுக்குக் காரணமான கண்டுபிடிப்புக்காகக் கம்பெனியிடம் அவர் முன்பு பெற்றிருந்த வெகுமதி சுமார் 11,000 யென். குடும்பத்தோடு ஒரு வேளை நல்ல விருந்துண்ணப் போதும். பரிசு அறிவிக்கப்பட்ட பின்னர்க் கம்பெனி அவருக்கு 'பெல்லோ' என்னும் உயர்பதவி அளித்தது. அவர் வழக்காடவில்லை, தம் வேலையிலேயே மகிழ்ச்சியோடிருந்தார். உழைப்பவன் திருப்தியுள்ளவனாயிருப்பது அவனுடைய பெருமை. அத்திருப்தியையே சாக்காக வைத்து அவனுக்குக் குறைத்துக் கொடுப்பது கொடுப்பவனுக்குப் பெருமையாகாது.

ஷுஜி நக்காமுரா வேறு வழியை மேற்கொண்டார். 1979-ல் ஷிக்கோக்குத் தீவிலுள்ள நிச்சியா இரசாயனக் கம்பெனியில் சேர்ந்த அவர், உலகமெங்கும் பலர் முயன்று கைவிட்ட நீல ஒளி விளக்கில் கருத்தைச் செலுத்தினார். ஸ்தாபகரான நோபுவோ ஓகாவா நம்பிக்கையோடு அவருக்குப் பெரும்பொருள் ஒதுக்கினார். பின்னர் வந்த நிர்வாகம் ஆராய்ச்சியை நிறுத்தும்படி உத்தரவிட்டதென்றும், அதை மீறித் தாம் தொடர்ந்ததாகவும் நக்காமுரா கூறியிருக்கிறார். 1993-ல் பிரகாசமான நீல விளக்கு வெளிவந்தது. சிவப்பும் பச்சையும் முன்பே இருந்தன. நீலம் கிடைத்ததும் வெள்ளொளி கிடைத்தது. இன்று நம் வீடுகளில் எரியும் எல்.இ.டி. விளக்குகள் அவ்வழி வந்தவையே. அதற்கு ஆதாரமான பேட்டண்டு ஒன்றுக்காக அவர் பெற்ற வெகுமதி விண்ணப்பம் செய்தபோது 10,000 யென், பதிவானபோது 10,000 யென், ஆக 20,000 யென்.

அவர் கம்பெனியை விட்டு அமெரிக்கா சென்று, 2001-ல் வழக்குத் தொடுத்தார். 2004 ஜனவரி 30-ந் தேதி டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்கண்டுபிடிப்பால் கம்பெனிக்குரிய இலாபம் 12,080 கோடி யென் என்று கணக்கிட்டு, அதில் பாதி கண்டுபிடித்தவரின் பங்கு என்று நீதிபதி கூறினார். அவர் கேட்டிருந்தது 2,000 கோடி யென். அது முழுவதும் கொடுக்கவேண்டும் என்பது தீர்ப்பு. கம்பெனி மேல்முறையீடு செய்தது. உயர்நீதிமன்றம் இலாபம் உண்டானதில் கம்பெனியின் பங்கே மிகப் பெரிதென்று கருதியது. 2005 ஜனவரியில் ஏறத்தாழ 84 கோடி யென்னுக்கு இருதரப்பாரும் உடன்பட்டனர். நக்காமுரா மனநிறைவு அடையவில்லை. ஆயினும் 20,000 எங்கே, 84 கோடி எங்கே! அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பது உண்மையாயிற்று. 2014-ல் அகஸாக்கி, அமானோ என்னும் இருவரோடு அவரும் பௌதிக நோபல் பரிசு பெற்றார்.

இவ்வழக்கின் அலை பிற கம்பெனிகளிலும் மோதியது. தோஷிபா கம்பெனியில் 'பிளாஷ்' ஞாபகக் கருவியைக் கண்டுபிடித்த புஜியோ மசுவோக்கா 2004-ல் வழக்கிட்டு, 2006-ல் 8 கோடியே 70 இலட்சம் யென் பெற்றுச் சமாதானமானார். கம்பெனிகள் சட்டத்தை மாற்றும்படி வற்புறுத்தின. 2015-ல் மாற்றமும் நிறைவேறியது. உரிமை தொடக்கத்திலேயே தனக்குரியதென்று கம்பெனி விதி செய்துகொள்ளலாம். ஆனால் கண்டுபிடித்தவனுக்குத் தக்க நன்மை அளித்தேயாகவேண்டும். ஜெர்மனியிலோ 1957-ம் ஆண்டிலேயே இதற்கெனத் தனிச்சட்டம் பிறந்துவிட்டது. தொழிலாளியின் கண்டுபிடிப்பைக் கம்பெனி எடுத்துக்கொண்டால் தகுந்த ஊதியம் தனியாகக் கொடுக்கவேண்டும் என்று அச்சட்டம் விதிக்கிறது. தர்மமாகக் கொடுப்பது வேறு, சட்டப்படி கொடுப்பது வேறு என்பதை அந்நாட்டார் முன்னரே உணர்ந்திருந்தனர்.

மூன்றாம் வாசல்: சங்கம்

வெளியேறுவதும் வழக்காடுவதும் தனி மனிதர் செய்பவை. பெயர் பெற்றவர்க்கே அவை கைகூடும். பெயரில்லாத ஆயிரக்கணக்கானவர்க்கு வழியென்ன? 2000-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி போயிங் விமானக் கம்பெனியின் இஞ்சினீயர்களும் தொழில்நுட்ப ஊழியர்களும் ஏறத்தாழ 17,000 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். படித்தவர்கள், நல்ல சம்பளக்காரர், கழுத்துப்பட்டி கட்டியவர்கள் தெருவில் இறங்கமாட்டார்கள் என்று எண்ணுவது உலக வழக்கம். அவர்களோ குளிரிலே கையில் பலகை பிடித்து 40 நாள் நின்றனர். அதற்கு முன்னாண்டில் இயந்திரத் தொழிலாளரின் சங்கம் போனஸும் நல்ல ஒப்பந்தமும் பெற்றிருக்க, இஞ்சினீயர்களுக்குப் போனஸ் இல்லை என்று கூறப்பட்டதே அவர்களைத் தூண்டிய முக்கிய காரணங்களுள் ஒன்று. விமானம் சரியாக இருக்கிறதென்று பரிசோதித்துக் கையொப்பமிடவேண்டியவர்களும் அவர்களுள் இருந்தமையால் விமானங்களை ஒப்படைக்கும் வேலை தளர்ந்தது. மார்ச்சு மாதத்தில் கம்பெனி இறங்கிவந்து போனஸும் உறுதியான சம்பள உயர்வும் அளித்தது.

இச்செய்தியில் நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. தாங்கள் தொழிலாளரல்லர், தனிச் சாதியார் என்று படித்தவர்கள் எண்ணியிருக்கும்வரை அவர்களுக்குக் கிடைப்பது பட்டமே. தாங்களும் தொழிலாளரே என்று உணர்ந்த அன்றுதான் அவர்களுக்கு உரிமையும் கிடைத்தது.

நிர்வாகிக்கும் நியாயம்

நிர்வாகிகளைத் தூற்றுவது நம் நோக்கமன்று. பலர் உழைப்பை ஒருங்கிணைப்பது பெரிய வேலை. முதலை இழக்கும் அபாயம், தீர்மானம் தவறினால் வரும் பழி, பிறருடைய குறைகளுக்கும் பதில் சொல்லும் பொறுப்பு ஆகியவற்றுக்கு விலையுண்டு. நோபுவோ ஓகாவா பணம் ஒதுக்கியிராவிட்டால் நக்காமுரா எந்த உலையில் எதை வளர்த்திருப்பார்? ஆகையால் நிர்வாகிக்கு ஊதியம் கூடாதென்பார் நம்மில் எவருமில்லை. எவ்வளவு என்பதும், யார் அளப்பது என்பதுமே கேள்வி.

அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளில் தலைமை நிர்வாகியின் வரும்படி 1965-ல் சாதாரணத் தொழிலாளியின் ஊதியத்தைப்போல் ஏறத்தாழ 21 மடங்காயிருந்தது. 2023-ல் 290 மடங்காயிற்று. எகனாமிக் பாலிஸி இன்ஸ்டிட்யூட் என்னும் ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டுச் சொன்னது இது. அந்த 58 ஆண்டுகளில் நிர்வாகியின் அறிவு பதினான்கு மடங்கு பெருகியதா? தொழிலாளியின் அறிவு அப்படியே நின்றுவிட்டதா? இல்லை. அளக்கும் படியைப் பிடித்திருந்தவர் தமக்கு அளக்கும்போது கையைத் தளர்த்திக்கொண்டார், அவ்வளவே. 2010-ல் அமெரிக்கா இயற்றிய சட்டமொன்றின் விளைவாக, 2018 முதல் பங்குச் சந்தையிலுள்ள கம்பெனிகள் இம்மடங்குக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட்டு வருகின்றன. கிரேஸின் போனஸ் மறைந்து கிடந்ததுபோல் இன்று மறைந்து கிடக்க முடியாது. மறைவு நீங்குவதே நியாயத்துக்கு முதற்படி.

நமக்கு என்ன?

தூர தேசத்துக் கம்பெனிகளின் சம்பளக் கணக்கு நமக்கெதற்கு என்று வாசகர் கேட்கக்கூடும். நாய்ஸும் மூரும் 1968-ல் தொடங்கிய இண்டல் கம்பெனி 1972-லேயே பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வைத்தது. தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று அதுபோன்ற சாலைகளில் இஞ்சினீயர்களாயிருக்கிறார்கள். தலைக்காசு வாங்கிய கங்காணிக்கு அடங்கி நடந்தவர்களின் பேரர்கள், நாம் மேலே விவரித்த இரு ஏணிகளின் அடியிலே நிற்கிறார்கள்.

அவர்கள் வீட்டிலே கேட்கும் அறிவுரை என்ன? "எத்தனை நாளைக்கு இயந்திரத்தோடு மல்லாடுவாய்? நாலு பேரை வேலை வாங்கும் பதவிக்குப் போகவேண்டாமா?" என்பதே. இவ்வார்த்தையைச் சொல்லும் தகப்பனார் தம் மகன் நலத்தையே நாடுகிறார். ஆனால் இவ்வெண்ணத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று அவர் ஆராய்ந்து பார்க்கவேண்டும். மண்ணைத் தொட்டவனும், தோலைத் தொட்டவனும், நூலைத் தொட்டவனும் தாழ்ந்தவன். எதையும் தொடாமல் ஏவினவன் உயர்ந்தவன் என்று நம் சமூகம் பல நூற்றாண்டுகளாகக் கற்பித்து வைத்த நஞ்சே அவ்வேர். கம்பெனிகள் அந்நஞ்சை நம்மிடம் கற்கவில்லை; தம் இலாபத்துக்காகத் தாமே தேடிக்கொண்டன. நாமோ அதைக் கையிலே வைத்துக்கொண்டு கம்பெனி வாசலில் போய் நிற்கிறோம். பூட்டும் திறவுகோலும்போல் இரண்டும் பொருந்திவிடுகின்றன.

ஏவுவதில் விருப்பமும் ஆற்றலும் உள்ள பிள்ளை நிர்வாகியாகட்டும். நல்ல நிர்வாகி கிடைப்பதும் அரிதே. இயற்றுவதில் இன்பங் காணும் பிள்ளையைக் காசுக்காகவும் கௌரவத்துக்காகவும் அவ்விடத்தைவிட்டுப் பிடுங்காதீர்கள். அவன் தன் வேலையின் பயனைக் கணக்கெழுதி வைக்கக் கற்கட்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அதன் ஒவ்வொரு ஷரத்தையும் படிக்கட்டும். பக்கத்து மேஜைக்காரன் என்ன வாங்குகிறான் என்று கேட்பதை அவமானமாக எண்ணாதிருக்கட்டும். சங்கமென்றால் படியாதவர்க்கே உரியதென்னும் இறுமாப்பை விடட்டும்.

மெக்கல்லம் வரைவித்த மரத்தில் தலைவர் வேராயிருந்தார் என்று கண்டோம். வேரின் வேலை மண்ணுக்கடியிலிருந்து நீரை மேலே அனுப்புவது. தனக்கு வேண்டியதைத் தானும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நீர் முழுவதும் வேரிலேயே தங்கிவிட்டால் அம்மரத்தில் இலை தங்காது. நம் காலத்துப் பெருங்கம்பெனிகள் இதை அறியாதவையல்ல. அறிந்தும் செய்யாதவர்களைச் செய்விக்கும் பொறுப்பு இலைகளாயிருக்கும் நம்மவரையே சார்ந்தது.